நாற்பதாவது சீட்டு

டாலிமீட்,
1926 அக்டோபர் 3, ஞாயிறு

அன்புள்ள ரோடா அக்காவுக்கு,

தங்கை லெட்டி எழுதுவது. அப்பாவும் அம்மாவும் சுகம். ஆற்றுப் பனி இறங்கிவிட்டதால் அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் திரும்பியிருக்கிறது. பிரிஸ்டலில் நீ சுகமா? பாத்திரம் கழுவி வெடித்த கை ஆறிவிட்டதா?

இதை எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மா மெழுகுவர்த்திகளை எண்ணி வைக்கிறாள். நான் கொளுத்தியிருப்பது பள்ளிக்கூட அலமாரியில் கிடந்த மெழுகுவர்த்தித் துண்டு. உன் கடிதங்களை அம்மா சாப்பாட்டு மேசையில் உரக்கப் படிப்பாள் என்பது உனக்குத் தெரியும். ஆகவே நான் சொல்லப்போவதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதாதே. கடிதம் கிடைத்தது என்றால், பூனையின் காதுப்புண் ஆறிவிட்டதா என்று கேள். அது போதும்.

ட்ராஸ்க் டீச்சர் எங்களுக்குப் புதிய வேலை கொடுத்திருக்கிறார். பிரிஸ்டலில் ஒரு பேராசிரியர் இந்த மாவட்டத்து ஊர்ப் பெயர்களையும் வயல் பெயர்களையும் புத்தகமாக்குகிறாராம். எந்தப் பெயர் எப்படிப் பிறந்தது, எந்த நூற்றாண்டில் எப்படி எழுதினார்கள் என்றெல்லாம் அதில் இருக்கும். பழைய பத்திரங்களை அவர் பார்த்துக்கொள்வார். ஊர்க்காரர்கள் வாயால் சொல்வதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்டு எழுத வேண்டும். ஒரு பெயருக்கு ஒரு சீட்டு. கீழே சொன்னவர் பெயர், வயது, தொழில். சொன்னவர் பெயர் இல்லாத சீட்டு செல்லாது. நாற்பது சீட்டு சேர்ப்பவரை மே மாதம் டீச்சர் பிரிஸ்டலுக்கு ரயிலில் அழைத்துப்போவார்.

பிரிஸ்டல், அக்கா! நீ போய் இரண்டு வருடம் ஆகிறது.

என்னிடம் முப்பத்தொன்பது சேர்ந்துவிட்டன. நம் ஊர்ப் பெயருக்குத்தான் யாரும் சரியாகச் சொல்லவில்லை. எல்லோரும் சைடர் மதுக்கடைப் பலகையில் இருக்கும் டாலியைத்தான் சொல்கிறார்கள். காதலனுக்காக ஆற்றில் விழுந்த பால்காரி. டீச்சர் அதை ஏற்கவில்லை. அதனால் செலினா அத்தையிடம் போனேன். அவள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மூலையில் அவள் மகன் சைலஸ் பூட்ஸுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

"டாலியாம் டாலி!" என்றாள் அத்தை. "எந்தப் பால்காரிக்குச் சாக நேரம் இருக்கு? விடியக்காலம் ஒரு கறவை, சாயங்காலம் ஒரு கறவை. நடுவுல போய்ச் செத்துட்டு வரணும். அது டாலி இல்ல புள்ள, டோல். டோல்னா பங்கு. அந்தப் பெரிய புல்வெளி ஊருக்கே பங்கு."

ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம் இருந்ததாம். காக்கைக் கால், ஏணி, வாணலி, வைக்கோல் கவை. நடுக்கோடை நாளில் ஆப்பிள்களில் அந்த அடையாளங்களை வெட்டி, ஒரு பையில் போட்டுக் குலுக்கி எடுப்பார்களாம். எந்த ஆப்பிள் புல்வெளியின் எந்தத் துண்டுக்கு வருகிறதோ, அந்த வருடம் அங்கே வளரும் புல் அந்த வீட்டுக்கு. செலினா அத்தை வீட்டு நிலைக்கதவில் ஒரு காக்கைக் கால் இருக்கிறதே, அது அதுதான்.

"அப்புறம் இந்தப் பண்ணைக்காரன் டாப்ஸ்காட்டோட தாத்தன் ஒரு பீப்பாய் சைடர் வாங்கி ஊத்தினான். 'இந்த வருசம் குலுக்க வேணாம், பை என்கிட்டயே இருக்கட்டும்'னான். நம்ம ஆளுங்களும் குடிச்சுட்டுச் சரின்னுட்டாங்க. மறு வருசம் பையும் இல்ல, புல்வெளியும் இல்ல. அவன் கொடுத்தது ஒரு பீப்பாய், எடுத்தது நூறு ஏக்கர்." பிறகு மாவுக் கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "எழுதிக்கோ. ஆனா எம் பேரைப் போட்டுடாதே. நான் குடியிருக்கறது டாப்ஸ்காட் வீடு, கறக்கறது டாப்ஸ்காட் மாடு. வாய் மட்டுந்தான் எனக்குச் சொந்தம்."

வெள்ளிக்கிழமை டாப்ஸ்காட் ஐயா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அவர் நிர்வாகக் குழுவில் இருப்பவர், வரலாம். டீச்சர் வெளியே மணி அடிக்கப் போயிருந்தார். டாப்ஸ்காட் ஐயா சீட்டுப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஒரு சீட்டை எடுத்து நெடுநேரம் படித்தார். அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தபோதுதான் நான் நிற்பதைப் பார்த்தார்.

"நல்ல கையெழுத்து பாப்பா," என்றார். "உங்கப்பன் என்கிட்ட பன்னெண்டு வருசமா மாடு பாக்கறான். நல்ல வீடு கொடுத்திருக்கேன், இல்ல?"

நான் ஆமாம் என்றேன்.

அந்தச் சீட்டில் நான் என்ன எழுதினேன் என்று மட்டும் கேட்காதே அக்கா. மெழுகுவர்த்தி தீர்ந்துகொண்டிருக்கிறது.

உன் அன்பு மாறாத
லெட்டி

*

கிளிஃப்டன், பிரிஸ்டல்,
1926 அக்டோபர் 17

அன்புள்ள அப்பா, அம்மா, லெட்டி மூவருக்கும்,

ரோடாவின் வணக்கம். கடவுள் புண்ணியத்தில் நலமாக இருக்கிறேன். கை ஆறிவிட்டது. வீட்டம்மா புதிய சமையல்காரியை வைத்திருக்கிறார். அவளுக்குக் காது மந்தம், எனக்கு வாய் வலி. இருவரும் ஒருவழியாக ஒத்துப்போகிறோம். அப்பா முழங்காலுக்குச் சூடான தவிட்டு மூட்டை கட்டிக்கொள்ளுங்கள்.

பூனையின் காதுப்புண் ஆறிவிட்டதா? லெட்டியை நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள். கேட்கக்கூடாது என்றால் கேட்காமல் இருக்க எனக்குத் தெரியும் என்றும் சொல்லுங்கள். பிறந்தநாள் பரிசைப் பற்றித்தான்.

செலினா அத்தை வீட்டில் எல்லோரும் சௌக்கியம்தானே?

உங்கள் அன்பு மகள்
ரோடா

*

டாலிமீட்,
1926 நவம்பர் 7

அன்புள்ள அக்காவுக்கு,

பூனையைப் பற்றிக் கேட்டதற்கு நன்றி. "நம்ம பூனைக்கு எப்போ காதுல புண்ணு வந்துச்சு?" என்று அம்மா கேட்டாள். நான் ரொட்டியை வாயில் அடைத்துக்கொண்டேன்.

இங்கே நல்ல செய்தி இல்லை. டாப்ஸ்காட் ஐயா செலினா அத்தையை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். மார்ச் இருபத்தைந்தாம் தேதி, பண்ணை வீடுகள் கைமாறும் நாளில், சாவியைக் கொடுக்க வேண்டும். கறவை வேலையும் அன்றோடு முடிகிறது.

அப்பாவுக்குத் தேநீர் கொண்டுபோனபோது தொழுவத்தில் அதைப் பற்றித்தான் பேச்சு. அத்தை பசுவின் வயிற்றில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் கறந்தபடியே சைலஸைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"'உன் வாயில வந்ததெல்லாம் என் காதுக்கு வந்துடுச்சு செலினா'ன்னு டாப்ஸ்காட் சொல்றான். பீப்பாயைச் சொல்றான், பையைச் சொல்றான். நான் என் அடுப்படியில சொன்னது அவனுக்கு எப்படிடா போச்சு? சனிக்கிழமை சைடர் கடையில உக்காந்து ஊத்தினியே, அப்பத்தானே?"

"நான் சொல்லலம்மா."

"பின்ன யாரு, பசு சொல்லிச்சா? உங்கப்பனும் இப்படித்தான். ஒரு குவளை உள்ள போனா ஊர் ரகசியம் எல்லாம் வெளிய வந்துடும்."

சைலஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் தேநீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு அவன் பால் வாளியைப் பார்த்துக்கொண்டு, "சரி, நான்தான்னே வெச்சுக்கோ," என்றான்.

அப்பா தேநீரைக் குடித்து முடித்தார். திரும்பும் வழியில் என்னிடம், "இந்த விசயத்தைப் பத்தி நம்ம வீட்டுல யாரும் வாயைத் திறக்கக் கூடாது. தெரிஞ்சுதா?" என்றார்.

அத்தை வீட்டுப் பின்னறைக்கு சைலஸ் வெள்ளையடித்திருந்தான். உருளைக்கிழங்கு போட்டு வைக்க என்றான். "உருளைக்கிழங்குக்கு எதுக்குடா ஜன்னல் திரை?" என்று அத்தை கிண்டல் செய்வாள். இப்போது அதைக் கழற்றிவிட்டார்கள்.

எனக்குத் தூக்கம் வருவதில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

லெட்டி

*

பிரிஸ்டல்,
1926 நவம்பர் 28

அன்புள்ள அப்பா, அம்மா, லெட்டிக்கு,

நலம். உங்கள் நலமே என் நலம். அம்மா எழுதிய கடிதம் கிடைத்தது. செலினா அத்தை செய்தியும் அறிந்தேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஜூனில் வரும் பண்டிகைக்கு ஒரு வாரம் விடுப்பு கேட்டிருந்தேன். இப்போது வேண்டாம் என்று வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஓரம் தைத்துக்கொண்டிருந்த படுக்கை விரிப்புகளையும் பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன். அவசரமில்லாத வேலைதான். கொஞ்சம் சொல்லி வைத்திருந்தேன் ஒரு ஆளிடம், வாயை அடக்கு என்று. கேட்டால்தானே.

லெட்டிக்கு: கணக்கில் தப்பு செய்திருந்தால் அன்றைக்கே டீச்சரிடம் சொல்லிவிடு. மறுநாள் சொன்னால் அது இரண்டு தப்பு. மறு மாதம் சொன்னால் எத்தனை என்று நீயே போட்டுப் பார்.

அன்புடன்
ரோடா

*

டாலிமீட்,
1926 டிசம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் எல்லோருக்கும் சுகம் என்று எழுத வேண்டும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சுகம்தான்.

கணக்கு அல்ல அக்கா. நீ கேட்டது புரிந்தது.

நான்தான் எழுதினேன். 'சொன்னவர்: செலினா ஸ்டக்கி, வயது 46, கறவைக்காரி.' அவள் வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதினேன். பெயர் இல்லாவிட்டால் சீட்டு செல்லாது. சீட்டு செல்லாவிட்டால் நாற்பது வராது. நாற்பது வராவிட்டால் உன்னைப் பார்க்க முடியாது. பெட்டி நேரே பிரிஸ்டலுக்குப் போய்விடும், அங்கே யாருக்கு அத்தையைத் தெரியும் என்று நினைத்தேன். டாப்ஸ்காட் ஐயா அதைத் திறப்பார் என்று நினைக்கவே இல்லை. பீப்பாய், பை எல்லாவற்றையும் அவள் சொன்னபடியே எழுதினேன். சொன்னபடி எழுதுவதுதான் நல்ல சீட்டு என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

அத்தை சைலஸோடு பேசுவதில்லை. அவன் தட்டை மேசையில் வைத்துவிட்டுத் தொழுவத்துக்குப் போய்ச் சாப்பிடுகிறாளாம். அவன் ஆஸ்திரேலியாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். காடு வெட்டி நிலம் திருத்துபவர்களுக்குக் கப்பல் கட்டணத்தை அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது. ஜனவரி எட்டாம் தேதி லண்டனில் கப்பல் ஏறுகிறான். ஐந்தாம் தேதி உன்னைப் பார்க்க பிரிஸ்டலில் இறங்குவான் என்று அம்மா சொன்னாள்.

அப்போது அவனை நிறுத்திவிடு அக்கா. யார் எழுதியது என்று சொல்லாமல், அவன் அம்மா அவன்மேல் கோபப்படுவது தப்பு என்று மட்டும் சொல். என் பெயரைச் சொன்னால் அது டாப்ஸ்காட் ஐயாவுக்குப் போகும். நம் வீடும் அவருடைய வீடுதான். அப்பாவுக்கு இந்த முழங்காலோடு வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

அன்புள்ள
லெட்டி

ஜனவரி 6. இதை நான் தபாலில் போடவில்லை. மெத்தைக்கு அடியில் வைத்திருந்தேன். தினமும் பள்ளிக்கு எடுத்துப் போய்த் திருப்பிக் கொண்டுவந்தேன். சைலஸ் நேற்று போய்விட்டான். அத்தை வாசலுக்கு வரவில்லை. இன்று போடுகிறேன்.

*

பிரிஸ்டல்,
1927 ஜனவரி 30

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நலம். இங்கே குழாய்கள் உறைந்துவிட்டன. மாடிக்கு வாளியில் தண்ணீர் தூக்குகிறோம். சமையல்காரி சளியில் படுத்துவிட்டாள். வேறு செய்தி ஒன்றும் இல்லை.

லெட்டிக்கும் என் அன்பு.

ரோடா

*

டாலிமீட்,
1927 பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதத்தை அம்மா படித்தபோது, பூனையைப் பற்றி வரும் என்று கடைசி வரி வரை காத்திருந்தேன். அம்மாவே, "இவ்வளவுதானா?" என்று தாளைத் திருப்பிப் பார்த்தாள். என் கடிதம் உனக்குக் கிடைத்ததா இல்லையா? கிடைக்கவில்லை என்றால் ஒரு பயம், கிடைத்தது என்றால் ஒரு பயம்.

டீச்சர் எனக்குத்தான் நாற்பது என்று அறிவித்துவிட்டார். ஒரு சீட்டு குறைந்ததைப் பார்த்தார். நான் பெட்டியில் போடும்போதே அவர் நாற்பதையும் எண்ணியிருந்ததால், எங்கோ தவறிப்போயிருக்கும், எண்ணியது எண்ணியதுதான் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்து நின்றேன்.

பேராசிரியர் பழைய பத்திரங்களிலிருந்து நம் ஊர்ப் பெயரை எழுதி அனுப்பியிருக்கிறார். 1276-இல் டோலமேடெ. 1327-இல் டோல்மெட். 1540-இல் டொல்லமீட். 1690-ஆம் வருட வரைபடத்தில்தான் முதல்முறையாக டாலி மீட். அதற்குப் பிறகுதான் யாரோ ஒரு பால்காரியைக் கண்டுபிடித்து ஆற்றில் தள்ளியிருக்கிறார்கள். டீச்சர் கரும்பலகையில் எழுதியபோது, ஒவ்வொன்றும் அத்தை சொன்னதற்கு நேராக வந்தது. 'மேடெ' என்றால் புல்வெளி; முதல் பாதி பங்காக இருக்கலாம், ஆனால் பங்கு வைத்ததற்கு ஊரில் சாட்சி இல்லை என்று பேராசிரியர் எழுதியிருக்கிறாராம். "யாருக்காவது ஏதாவது தெரியுமா?" என்று டீச்சர் கேட்டார். யாரும் கை தூக்கவில்லை. நானும்தான்.

லெட்டி

*

டாலிமீட்,
1927 மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா?

வெள்ளிக்கிழமை செலினா அத்தை போய்விட்டாள். பிரிட்ஜ்வாட்டரில் அவள் தங்கை வீட்டில் இருக்கப் போகிறாள். டாப்ஸ்காட் ஐயா வண்டி தரவில்லை. அப்பா நிலக்கரிக்காரனிடம் கேட்டு ஏற்பாடு செய்தார். கட்டில், இரண்டு நாற்காலி, ரொட்டித் தொட்டி. மீதியைத் தோட்டத்தில் போட்டு எரித்துக்கொண்டிருந்தாள்.

"பாரு, என் மாளிகையை ஒரே வண்டியில கட்டிட்டேன்," என்று என்னிடம் சிரித்தாள். "ராணிக்குக்கூட இது முடியாது."

அப்போது தபால்காரர் வந்தார். வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய கடிதம். அத்தை அதை வாங்கி, மேல் எழுத்தைப் பார்த்தாள். பிரிக்கவில்லை. நெருப்பில் போட்டாள். கம்பால் ஒருமுறை புரட்டியும் விட்டாள்.

"வாயால கெட்டவன் கையால எழுதி என்ன ஆகப் போகுது," என்றாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன் அக்கா. மூன்று அடி தூரம். கடிதம் உடனே பற்றவில்லை. உறை ஓரம் பழுப்பாகி, நடுப்பகுதி வெள்ளையாகவே கொஞ்ச நேரம் இருந்தது. கை விட்டு எடுத்திருக்கலாம். 'அவன் இல்லை, நான்' என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலிக்கு அப்பால் டாப்ஸ்காட் ஐயா சாவிக்காகக் காத்துக்கொண்டு குதிரைமேல் இருந்தார். நான் அவருடைய பூட்ஸைப் பார்த்தேன். அதற்குள் எரிந்துவிட்டது.

புதுக் குடித்தனக்காரர்கள் நேற்று நிலைக்கதவுக்குப் பச்சை வண்ணம் அடித்தார்கள். காக்கைக் கால் இப்போது தெரியவில்லை. விரலால் தடவினால் மட்டும் தெரிகிறது.

நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன்.

லெட்டி

*

பிரிஸ்டல்,
1927 ஏப்ரல் 10

லெட்டி,

இதை ட்ராஸ்க் டீச்சர் பெயருக்கு அனுப்பி, உன்னிடம் தனியாகக் கொடுக்கக் கேட்டிருக்கிறேன். அம்மா படிக்கமாட்டாள். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

உன் கடிதம் ஜனவரி எட்டாம் தேதி காலைத் தபாலில் வந்தது. அவன் கப்பல் அன்று காலைதான் புறப்பட்டது.

ஐந்தாம் தேதி ரயில் நிலையத்தில் அவனோடு ஒரு மணி நேரம் இருந்தேன். "நீயும் வா ரோடா. பேரைக் கொடுத்தா மூணு மாசத்துல அனுப்பிடுவாங்க," என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு குவளைக்கு வீட்டைத் தொலைச்சவனை நம்பிக் கடல் தாண்டி வரணுமா? அங்கயும் சைடர் கடை இருக்குமில்ல?" என்றேன். அவன் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தான். "நீயும் அப்படித்தான் நெனச்சியா?" என்று மட்டும் கேட்டான். ரயில் வந்துவிட்டது.

மார்ச் மாதக் கடைசியில் அவனிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. மரம் வெட்டுகிறானாம், தகரக் கொட்டகையாம், ஈயாம். கடைசியில் இப்படி எழுதியிருக்கிறான்: 'லெட்டியின் சீட்டுப் பெட்டி என்ன ஆச்சு? அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லையே? சின்னப் பெண். அவள் அப்பாவும் டாப்ஸ்காட்டிடம்தான் வேலை பார்க்கிறார்.'

அன்று அடுப்படியில் அவனும் இருந்தான் அல்லவா? தொழுவத்தில் உன் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் தலையைக் கொடுத்தான். அம்மாவின் கோபம் ஒரு மாதம் நிற்கும் என்று நினைத்திருப்பான். என்னை அவன் கணக்கில் எடுக்கவில்லை.

நீ எழுதியதை வரிக்கு வரி அவனுக்கு எழுதினேன். பதில் வர இன்னும் நாளாகும். வரும் என்று சொல்ல முடியாது. உன்னைத் திட்ட இரண்டு மாதமாக உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நான் சொன்ன வார்த்தைதான் முதலில் காகிதத்தில் வந்தது.

மே பதினொன்றாம் தேதி பல்கலைக்கழக வாசலில் மணிக்கூண்டின் கீழே நில். மூன்று மணிக்கு முயன்று பார்க்கிறேன்.

ரோடா

*

டாலிமீட்,
1927 மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மூன்று மணியிலிருந்து நாலே கால் வரை நின்றேன். மழை தூறியது. நீ வரவில்லை. வீட்டம்மா விட்டிருக்கமாட்டார்கள். ஏன் என்று நான் கேட்கமாட்டேன்.

உன் கடிதம் வந்த இரண்டாம் நாள் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று கதவுப் பக்கம் நின்றுகொண்டுதான் சொன்னேன். அவர் கயிற்றைப் பிடித்தபடியே இருந்தார்.

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடி சொல்லியிருந்தா நான் அந்தப் பையனை நிறுத்தியிருப்பேனே," என்றார்.

"வேலை போயிடும்னு பயந்தேன்பா."

"போனா வேற பண்ணை. மாடு எல்லா ஊர்லயும் நாலு காலுலதான் நிக்குது. என்னைக் கேட்டியா நீ?" அவ்வளவுதான். பிறகு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஆறு மாதமாக எதைப் பார்த்துப் பயந்தேனோ அது இவ்வளவுதான் அக்கா.

பிரிஸ்டலில் பேராசிரியர் எங்களுக்கு ரொட்டியும் ஜாமும் கொடுத்தார். டாலிமீட் பக்கத்தைக் காட்டினார். பழைய எழுத்துகள் வரிசையாக இருந்தன. கீழே பாதி தாள் வெற்றிடம். நான் ஒரு வெற்றுச் சீட்டுக் கேட்டேன். தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கேட்டு எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

திரும்பும்போது பிரிட்ஜ்வாட்டரில் பேருந்துக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. டீச்சர் என்னை விட்டார். செலினா அத்தை பின்கட்டில் அமர்ந்து அடுத்த வீட்டுத் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள்.

"வாடி படிச்சவளே," என்றாள். "பிரிஸ்டல் எப்படி இருக்கு? இன்னும் மேட்டுமேலயே நிக்குதா?"

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சைலஸ் உனக்கு எழுதியதையும் சொன்னேன். அவள் கை தண்ணீருக்குள் அப்படியே இருந்தது. ஒரு சட்டையை எடுத்தாள், பிழிந்தாள், பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள். அதில் தண்ணீரே இல்லை.

"நான் அந்தக் கடுதாசியைப் புரட்டி வேற விட்டேன்," என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அழாத. எனக்கு இப்ப அது வேணாம்," என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். பிறகு இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "அவன் இருக்கற இடம் ரோடாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

புறப்படும்போது வெற்றுச் சீட்டைக் காட்டினேன். இந்த முறை கேட்டுக்கொண்டுதான் எழுதுவேன், வேண்டாம் என்றால் கிழித்துவிடுகிறேன் என்றேன்.

"போடு," என்றாள். "செலினா ஸ்டக்கின்னு பெருசா போடு. இனிமே புடுங்கறதுக்கு என்ன வீடா இருக்கு எனக்கு? கறவைக்காரின்னு எழுதாத. துணி தோய்க்கறவள்னு எழுது. சொன்னதைச் சொன்னபடி எழுதணும், இல்ல?"

இன்று எழுதிவிட்டேன். மேசையில் உட்கார்ந்து, அம்மா பார்க்க எழுதினேன்.

முகவரியை அனுப்புவாயா?

உன்
லெட்டி

*

பிரிஸ்டல்,
1927 மே 29

அன்புள்ள லெட்டிக்கு,

நான் நலம். அப்பா, அம்மா முகத்தில் சிரிப்பு வந்ததா என்று எழுது.

வீட்டம்மா விட்டார்கள். நான் மூன்று மணிக்கே வந்துவிட்டேன். சாலைக்கு எதிர்ப்பக்கம் தொப்பிக் கடை வாசலில் நின்றேன். உன்னைப் பார்த்தேன். வளர்ந்துவிட்டாய், என் பழைய மேலங்கி உனக்கு இப்போதே கையில் குட்டையாக இருக்கிறது. உன்மேல் கோபமில்லை என்று சொல்லத்தான் வந்தேன். அன்றைக்கு அதைச் சொன்னால் பொய்யாகிவிடும் என்று தோன்றியது. நாலே கால் வரை நானும் நின்றேன். நீ போன பிறகுதான் சாலையைக் கடந்தேன்.

அடுத்த முறை வரும்போது கடப்பேன் என்று நினைக்கிறேன்.

முகவரி கீழே. அவன் ஊர்ப் பெயரைத் தாளின் தலைப்பில் ஒரு மாதிரியும், கையெழுத்துக்குக் கீழே வேறு மாதிரியும் எழுதியிருக்கிறான்: யாரினப், யர்ரனப். அங்கே இன்னும் பெயர்ப் பலகை வைக்கவில்லையாம்; கேட்கும் ஆளுக்கு ஒன்றாகச் சொல்கிறார்களாம். தபால் நிலையத்தில் விசாரித்தேன். அவர்கள் பட்டியலில் இரண்டுமே இல்லை.

நான் ஒரே கடிதத்தை இரண்டு முறை எழுதி இரண்டு உறையில் போட்டேன். செலினா அத்தையையும் அப்படியே செய்யச் சொல். போக ஐந்து வாரம், வர ஐந்து வாரம்.

பூனைக்கு என் அன்பு.

ரோடா